மூச்சின் பெருவழியைப் படத்தில் படிப்பது

ஆஸ்துமா என்று பெயரிடப்பட்டு, ஆண்டுக்கணக்கில் இன்ஹேலர் இழுத்தும் குணம் காணாத பெரியவர்கள் சிலருக்கு, நோய் இருக்கும் இடமே வேறு. குரல்வளைக்குக் கீழே தொடங்கும் மூச்சுக்குழாயிலோ, அது இரண்டாகப் பிரிந்தபின் வரும் முதன்மைக் கிளைக்குழல்களிலோ ஓர் அடைப்பு மெல்ல வளர்ந்துகொண்டிருக்கும். மூச்சு இளைக்கும், வீசிங் கேட்கும், மார்பு எக்ஸ்-ரேயில் நுரையீரல் சுத்தமாக இருக்கும். ஆஸ்துமா என்று முடிவு கட்ட இதைவிட என்ன வேண்டும்? ஸ்டீராய்டு கொடுத்தால் சில வாரம் கொஞ்சம் தேறவும் செய்வார். பிறகு பழையபடி ஆகிவிடும்.

வளர்ந்த ஒருவரின் மூச்சுக்குழாய் 10 முதல் 12 செ.மீ. நீளம் இருக்கும். குறுக்குவாட்டு உள்விட்டம் ஆண்களுக்கு 13 முதல் 25 மி.மீ. வரையிலும், பெண்களுக்கு 10 முதல் 21 மி.மீ. வரையிலும் இயல்பு. இயற்கை இங்கே தாராளமாக இடம் விட்டிருக்கிறது. அந்தத் தாராளமே நோயை மறைத்தும் விடுகிறது. விட்டம் ஏறத்தாழ 8 மி.மீ. ஆகும்வரை, மாடிப்படி ஏறும்போதுகூடப் பலருக்குத் தொல்லை தெரிவதில்லை. 5 மி.மீ. அளவுக்கு வந்தபின்தான் உட்கார்ந்த நிலையிலேயே மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சொலி கேட்கிறது. அதாவது நோயாளி மருத்துவரிடம் வரும்போது குழாயின் பெரும்பகுதி ஏற்கெனவே அடைபட்டிருக்கும். அதன்பிறகு ஒட்டிய சிறு சளிக் கட்டிகூட உயிருக்கு உலை வைக்கலாம்.

இந்த நோய்களைக் கண்டுபிடிக்கத் தேவையான கருவிகள் இன்று மாவட்டத் தலைநகர்களிலேயே இருக்கின்றன. எங்கிருந்து எங்குவரை படம் எடுக்கிறோம், மூச்சை இழுத்த நிலையிலா விடும் நிலையிலா, எந்தச் சுவரைக் குறிவைத்துப் பார்க்கிறோம் ஆகிய மூன்றும்தான் நோய் பிடிபடுவதையும் தப்புவதையும் தீர்மானிக்கின்றன என்பது என் முடிவு. இந்தத் துறையின் நூற்றாண்டு அனுபவத்தைத் திரட்டிப் பார்த்தால் அது மேலும் உறுதிப்படுகிறது.

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த இரண்டே ஆண்டில், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்டாவ் கிலியன் ஒரு விறைத்த குழலை வாய்வழியே செலுத்தி, விவசாயி ஒருவரின் வலது கிளைக்குழலில் சிக்கியிருந்த பன்றி எலும்பை எடுத்தார். பிராங்கோஸ்கோப்பியின் வரலாறு அங்கே தொடங்குகிறது. படத்தின் வரலாறு வேறு வழியில் போயிற்று. 1922-இல் பிரான்சைச் சேர்ந்த சிக்கார், ஃபோரெஸ்டியே இருவரும், கசகசா எண்ணெயில் அயோடினைச் சேர்த்துச் செய்த லிப்பியோடால் என்ற திரவத்தை மூச்சுப்பாதைக்குள் விட்டு எக்ஸ்-ரே எடுத்தார்கள். அதுவரை பிணப் பரிசோதனையில் மட்டுமே கண்ட கிளைக்குழல்கள் உயிருள்ளவரின் மார்பில் வெள்ளைக் கோடுகளாகத் துலங்கின. பிராங்கோகிராம் என்ற இந்தச் சோதனை அரை நூற்றாண்டுக்கும் மேல் நிலைத்தது. ஏற்கெனவே மூச்சு முட்டும் ஒருவரின் குழாய்க்குள் எண்ணெயை விட்டு, இப்படியும் அப்படியும் புரட்டிப் படமெடுப்பது எத்தகைய வேதனை என்பதை இன்றைய இளம் மருத்துவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த வேதனைக்கு முடிவு கட்டியது சி.டி. ஸ்கேன். 1971-இல் லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. ஆனால் மூச்சுவிடும்போது அசையும் உறுப்புக்கு அந்தப் பழைய கருவி பெரிதும் உதவவில்லை. 1989-இல் சுருள்வழி சி.டி. வந்தது, 1998-இல் ஒரே சுற்றில் நான்கு துண்டுப் படங்கள் எடுக்கும் கருவி வந்தது. இப்போது ஒரு மூச்சை அடக்கிப் பிடிக்கும் நேரத்துக்குள் கழுத்திலிருந்து நுரையீரலின் அடிவரை 1 மி.மீ. துண்டுகளாக எடுத்துவிடலாம். பிராங்கோகிராம் ஓய்ந்துபோனது.

ஆனாலும் முதலில் எடுக்கப்படுவது எக்ஸ்-ரேதான், எடுக்கவும் வேண்டும். அதில் மூச்சுக்குழாய் ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரியும். அது நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா, எங்கேனும் இடை சிறுத்திருக்கிறதா என்று பார்க்கலாம். வலப்புற ஓரமாகத் தெரியும் மெல்லிய வெள்ளைக் கோடு 4 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் ஐயம் எழ வேண்டும். கழுத்திலிருந்து மார்புக்குள் இறங்கிய தைராய்டு கழலை குழாயை வளைத்து நெருக்குவதை எக்ஸ்-ரேயிலேயே கண்டுவிடலாம். நெடுநாள் புகைபிடித்து நுரையீரல் விரிந்துபோனவர்களுக்கு மார்புக்குள் இருக்கும் பகுதி மட்டும் பக்கவாட்டில் ஒடுங்கி, முன்பின்னாக நீண்டுவிடும். அகலம் ஆழத்தில் பாதியோ அதற்கும் குறைவோ ஆகிவிடும். வாளுறையின் வடிவம் அது. கழுத்துப் பகுதி இயல்பாகவே இருக்கும் என்பதுதான் இதற்கு அடையாளம்.

இவ்வளவு தெரிந்தும் எக்ஸ்-ரேயில் மூச்சுக்குழாய் நோய் தவறிப்போவது வழக்கமாகவே இருக்கிறது. பார்ப்பவரின் கண் நேராக நுரையீரலுக்குப் போகிறது, இதயத்துக்குப் போகிறது, நடுவில் மேலே இருக்கும் அந்தக் கறுப்புப் பட்டையைத் தாண்டிவிடுகிறது. முதுகெலும்பும் மார்பெலும்பும் அதன்மேல் விழுவதும் ஒரு காரணம். எக்ஸ்-ரே சரியாக இருக்கிறது என்பதால் மூச்சுக்குழாய் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. எக்ஸ்-ரேக்கும் சி.டி.க்கும் நடுவே, செலவு அதிகமில்லாத ஒரு துப்பு இருக்கிறது: மூச்சின் வேகத்தை வளைகோடாக வரைந்து காட்டும் ஸ்பைரோமெட்ரி. பெரிய குழாயில் இறுகிய அடைப்பு இருந்தால் அந்த வளைகோட்டின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் தட்டையாகிவிடும். ஆஸ்துமாவின் வளைகோடு அப்படி இருப்பதில்லை. அந்தத் தட்டைக் கோட்டைக் கண்டவர் அடுத்துச் செய்ய வேண்டியது இன்ஹேலரை மாற்றுவதல்ல, சி.டி.க்கு எழுதுவது.

வழக்கமான மார்பு சி.டி. நுரையீரலின் உச்சியில் தொடங்குகிறது. குரல்நாண்களுக்குச் சற்றுக் கீழே உள்ள பகுதி அதில் விழுவதே இல்லை. வென்டிலேட்டர் குழாயால் வரும் சுருக்கத்துக்கும், ரத்தநாள அழற்சி நோய்கள் தாக்குவதற்கும், பெண்களுக்கு மட்டுமே என்று சொல்லும் அளவுக்குக் காரணம் தெரியாமல் வரும் சுருக்கத்துக்கும் அதுவே விருப்பமான இடம். மருத்துவர் “மார்பு சி.டி.” என்று எழுதினார், மார்பு சி.டி. எடுக்கப்பட்டது, நோய் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிட்டது. யாரும் கடமை தவறாமலே நேரும் பிழை இது.

குறுக்குத் துண்டுகளை மட்டும் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. மெல்லிய சவ்வு போன்ற சுருக்கம் இரண்டு தடித்த துண்டுகளுக்கு இடையே ஒளிந்துகொள்ளும். நீளவாக்கில் மெதுவாகக் குறுகும் குழாய், ஒவ்வொரு துண்டிலும் முந்தையதைப் போலவே தோன்றும். சாய்ந்து ஓடும் கிளைக்குழலின் அளவைக் குறுக்குத் துண்டில் அளந்தால் கணக்கு தப்பும். ஆகவே அதே தரவிலிருந்து முன்வாட்டு, பக்கவாட்டுப் படங்களைக் கணினியில் கட்டிப் பார்ப்பது கட்டாயம். இன்னொரு படி மேலே போனால் மெய்நிகர் பிராங்கோஸ்கோப்பி: குழாய்க்குள் பறந்து போவதுபோலக் கணினி காட்டும் படம். காண்பதற்கு அழகு, குழாய் முழுதும் அடைபட்டு, பிராங்கோஸ்கோப்பே நுழைய முடியாத இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதையும் காட்டும். ஆனால் சளிப்படலத்தின் நிறத்தையும் புண்ணையும் அது காட்டாது, திசு எடுத்துத் தராது. சளித் திரளைக் கட்டி என்றும் காட்டிவிடும். ஐயம் வந்தால் நோயாளியை நன்றாக இருமச் சொல்லி அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். இடம் பெயர்ந்தால் சளி. கட்டி நகராது.

படத்தைப் படிக்க உட்காரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பின்சுவர் பாதிக்கப்பட்டிருக்கிறதா, தப்பியிருக்கிறதா? மூச்சுக்குழாயின் முன்புறமும் பக்கங்களும் குருத்தெலும்பு வளையங்களால் ஆனவை. 16 முதல் 20 வளையங்கள் வரை இருக்கும். அவை முழு வட்டமல்ல, பின்புறம் திறந்திருக்கும். அந்த இடைவெளியை மென்தசையும் சவ்வும் மூடியிருக்கின்றன. பின்னால் உணவுக்குழாய் சாய்ந்து நிற்கிறது. குருத்தெலும்பைத் தாக்கும் நோய் பின்சுவரை விட்டுவிடும். சளிப்படலத்தைத் தாக்கும் நோய் சுற்றிவளைத்துப் பின்சுவரையும் பிடிக்கும். உடற்கூறு அறிந்தவருக்கு இது எளிய தருக்கம். ஆனாலும் நோய்ப் பட்டியலைப் பாதியாக வெட்டித் தருவதில் இதற்கு இணையான குறிப்பு வேறில்லை.

குருத்தெலும்பைத் திரும்பத் திரும்பத் தாக்கும் அழற்சி நோயான ரிலாப்ஸிங் பாலிகாண்ட்ரைட்டிஸை எடுத்துக்கொள்வோம். காது மடல் சிவந்து வீங்கும். குருத்தெலும்பு இல்லாத காதின் கீழ்நுனி மட்டும் தப்பும். மூக்கின் பாலம் அமுங்கும். மூச்சுக்குழாயிலும் அதே கதைதான்: முன்சுவரும் பக்கச் சுவர்களும் தடித்து, சில வேளை சுண்ணம் ஏறி நிற்க, பின்சுவர் மெல்லியதாக, இயல்பாக இருக்கும். நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு என்றாவது ஒரு கட்டத்தில் மூச்சுப்பாதை பாதிக்கப்படுகிறது. அவர்களுக்கு உயிராபத்தும் அங்கிருந்தே வருகிறது. காதுவலிக்கு ஒரு மருத்துவரையும் இளைப்புக்கு வேறொரு மருத்துவரையும் பார்த்துக்கொண்டிருக்கும் நோயாளியின் இரண்டு குறைகளையும் இணைத்துக் காட்டும் வாய்ப்பு, பல சமயம் ரேடியாலஜிஸ்டுக்குத்தான் கிடைக்கிறது.

பின்சுவரை விட்டுவிடும் இன்னொன்று, குருத்தெலும்பை ஒட்டிச் சிறு எலும்புக் கணுக்கள் முளைப்பது. ட்ராக்கியோபிராங்கோபதியா ஆஸ்டியோகாண்ட்ரோபிளாஸ்டிகா என்று அதற்கு நீண்ட பெயர். நடுவயது தாண்டியவர்களிடம் தற்செயலாகத் தென்படும். பெரும்பாலும் தீங்கில்லை. மயக்க மருந்து நிபுணர் குழாய் இறக்கத் திணறும்போதுதான் சிலருக்கு இது இருப்பதே தெரிய வருகிறது. இதைக் கண்டு புற்றோ என்று நோயாளியைக் கலங்கடிக்காமல் இருக்கப் பின்சுவரைப் பார்த்தாலே போதும். இதேபோல் சுண்ணம் ஏறிய கணுக்கள் பின்சுவரிலும் சேர்ந்து இருந்தால் அமிலாய்டோசிஸை நினைக்க வேண்டும். திசுவில் காங்கோ ரெட் சாயம் ஏற்றித்தான் அதை உறுதிசெய்வார்கள்.

சுற்றிலும் தடிக்கும் நோய்களில், குரல்நாண்களுக்குக் கீழே வளையமாக நெருக்கும் கிரானுலோமேட்டோசிஸ் வித் பாலியாஞ்ஜைட்டிஸ் என்ற ரத்தநாள அழற்சி நோய் முக்கியமானது. மூக்கடைப்பும் ரத்தம் கலந்த மூக்குச் சளியும், நுரையீரலில் குழிவிழுந்த கணுக்களும் கூடவே இருக்கும். ஆங்கா ரத்தப் பரிசோதனை துணைக்கு வரும்.

நம் நாட்டில், சுற்றிலும் தடித்த சுவரைக் கண்டவுடன் முதலில் நினைவுக்கு வர வேண்டியது காசநோய். மூச்சுக்குழாயின் கீழ்ப்பகுதியையும் கிளைக்குழல்களையும் அது பிடிக்கும். இளம்பெண்களிடம் அதிகம். இடது முதன்மைக் கிளைக்குழல் பாதிக்கப்பட்டுச் சுருங்குவதை அடிக்கடி காண்கிறோம். இவர்களில் பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ எக்ஸ்-ரே இயல்பாகவே இருக்கும் என்பது நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தி. சளியில் கிருமி தெரியாமல் போவதும் உண்டு. சி.டி.யில் நோயின் பருவத்தையும் ஓரளவு பிரித்தறியலாம். சுவர் கரடுமுரடாகத் தடித்து, கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்று ஒளிர்ந்தால் நோய் உயிர்ப்புடன் இருக்கிறது. சுவர் வழவழப்பாகி, குழாய் மட்டும் ஒடுங்கியிருந்தால் அது ஆறிய வடு. முன்னதற்கு மருந்து, பின்னதை மருந்து விரிக்காது, பலூனோ ஸ்டென்ட்டோ அறுவையோதான் வழி. ஆறு மாத மருந்தை முழுமையாகச் சாப்பிட்டு நோய் குணமானது என்று அனுப்பப்பட்ட பெண், ஆண்டுகள் கழித்து வீசிங்குடன் வந்தால் இந்த வடுவைத் தேடிப் பார்க்க வேண்டும். அவரை ஆஸ்துமாக்காரர் வரிசையில் உட்கார வைப்பது அநியாயம்.

காசநோயோடு தொடர்புள்ள இன்னொரு நோய் விறகடுப்பின் முன் ஆயுளைக் கழித்த பெண்களுடையது. பிராங்கோஸ்கோப்பியில் கிளைக்குழலின் சளிப்படலம் கரித்திட்டுக்களாகக் கறுத்திருக்கும், குழல் ஒடுங்கியிருக்கும். ஆந்த்ரகோஃபைப்ரோசிஸ் என்று பெயர். 1998-இல் கொரிய மருத்துவர்கள் இதை விரிவாக விவரித்தார்கள். இந்திய மருத்துவர்களும் பலமுறை எழுதியிருக்கிறார்கள். சி.டி.யில் ஒன்றுக்கு மேற்பட்ட கிளைக்குழல்கள், குறிப்பாக வலது நடு மடலுக்குப் போவது, சுருங்கியிருக்கும். அருகிலேயே சுண்ணம் ஏறிய நிணநீர்க் கணுக்கள் இருக்கும். ஒரே இடம் மட்டும் சுருங்கினால் புற்று என்ற ஐயம் வலுக்கும். பல இடம் என்றால் இந்த நோயின் பக்கம் எண்ணம் சாயும். புகையிலையைத் தொட்டே பார்க்காத ஒரு மூதாட்டியிடம் “புகைப்பீர்களா?” என்று மட்டும் கேட்டு, அடுப்பைப் பற்றிக் கேட்காமல் விட்டால் பாதி வரலாறு விடுபட்டுப்போகும்.

மருத்துவமனையே உண்டாக்கும் நோயைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். வென்டிலேட்டருக்காகச் செலுத்தும் குழாயின் நுனியருகே காற்று நிரப்பும் ஒரு சிறு பலூன் உண்டு. அதன் அழுத்தம் சளிப்படலத்தின் நுண்நாளங்களில் ஓடும் ரத்தத்தின் அழுத்தத்தை, அதாவது ஏறத்தாழ 25 முதல் 30 மி.மீ. பாதரச அளவை மிஞ்சினால் அங்கே ரத்த ஓட்டம் நின்று திசு செத்துவிடும். குருத்தெலும்பு வெளியே தெரியும். பிறகு வடு சுருட்டி இழுக்கும். பாஸ்டனில் ஜோயல் கூப்பரும் ஹெர்மீஸ் கிரில்லோவும் 1969-இல் இதைத் தெளிவாக நிறுவினார்கள். குறைந்த அழுத்தத்தில் விரியும் பெரிய பலூன்கள் அதன்பிறகே வழக்கத்துக்கு வந்தன. நோய் குறைந்ததே தவிர மறையவில்லை. கொரோனா காலத்தில் வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் இருந்து உயிர் பிழைத்தவர்களில் சிலர், வீடு திரும்பிச் சில வாரங்களிலோ மாதங்களிலோ மூச்சுத்திணறலுடன் மறுபடி வந்தார்கள். நுரையீரல் வடு என்று எண்ணப்பட்ட அவர்களில் சிலருக்கு மூச்சுக்குழாயே சுருங்கியிருந்தது. ஐ.சி.யூ.வில் இருந்தீர்களா என்ற ஒரு கேள்வி போதும் ஐயம் எழ.

பக்கவாட்டுப் படத்தில் இந்தச் சுருக்கம் 1.5 முதல் 2.5 செ.மீ. நீளத்தில் இடை ஒடுங்கிய உடுக்கைபோலத் தெரியும். மூச்சுவிடக் கழுத்தில் இடும் டிராக்கியாஸ்டமி துளை இருந்த இடத்தில் வருவது வேறு வடிவம்; முன்சுவர் இரு பக்கமிருந்தும் சாய்ந்து கூம்பிப்போகும். அறுவை மருத்துவருக்கு வடிவத்தைவிட அளவே முக்கியம். குரல்நாண்களிலிருந்து சுருக்கத்தின் மேல்நுனி எவ்வளவு தூரம், சுருக்கத்தின் நீளம் எவ்வளவு, கீழ்நுனியிலிருந்து குழாய் இரண்டாகப் பிரியும் கரைனாவுக்கு எவ்வளவு? வளர்ந்தவரின் மூச்சுக்குழாயில் ஏறத்தாழப் பாதியைவரை வெட்டி நீக்கிவிட்டு இரு முனைகளையும் இணைக்க முடியும் என்று காட்டியவர் கிரில்லோ. அந்த எல்லைக்குள் அடங்குமா என்பதை சி.டி.யின் அளவுகளே சொல்கின்றன.

கட்டிகளைப் பொறுத்தவரை ஒரு கசப்பான கணக்கு உண்டு. மூச்சுக்குழாயிலேயே தோன்றும் கட்டிகள் மிக அரிது. ஆனால் பெரியவர்களுக்கு வந்தால் பத்தில் ஒன்பது புற்றாகவே இருக்கும். அவற்றில் இரண்டு வகைகள் பெரும்பான்மை. புகைபிடிப்பவர்களுக்கு வரும் ஸ்குவாமஸ் செல் புற்று கரடுமுரடாக உள்ளே துருத்தி நிற்கும். ரத்தம் கக்க வைப்பதால் ஓரளவு விரைவில் பிடிபடும். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா புகையோடு தொடர்பில்லாதது, நாற்பதுகளிலேயே வரக்கூடியது. வழவழப்பாகச் சளிப்படலத்துக்கு அடியிலேயே குழாயின் நீளவாக்கில் ஊர்ந்து பரவும். மெதுவாக வளர்வதால் இவர்கள்தாம் ஆண்டுக்கணக்கில் ஆஸ்துமா மருந்து சாப்பிட்டவர்களாக இருக்கிறார்கள். சி.டி. இங்கே ஒரு விஷயத்தில் ஏமாற்றும்: கண்ணுக்குத் தெரியும் கட்டியைவிட நோய் மேலும் கீழும் நீண்டிருக்கும். வெட்டும் எல்லையைப் படத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாமல், அறுவையின்போதே விளிம்புத் திசுவை உறையவைத்துச் சோதிக்கிறார்கள்.

கிளைக்குழல்களில் கார்சினாய்டு என்ற கட்டி வரும். உருண்டையாக, கான்ட்ராஸ்ட் மருந்து ஏறியதும் பளிச்சென ஒளிரும். உள்ளே தெரிவது சிறிது, சுவருக்கு வெளியே இருப்பது பெரிது. சாதாரண பெட்-சி.டி.யில் இது மங்கலாகவே தெரியலாம். காலியம்-68 டோட்டாடேட் என்ற மருந்தைப் பயன்படுத்தும் பெட் ஸ்கேன் இதற்குப் பொருத்தம். கட்டிக்குள் கொழுப்பின் அடர்த்தி தெரிந்தால் மட்டும் மனம் ஆறலாம். அது ஹமார்ட்டோமா, லைப்போமா போன்ற தீங்கற்ற வகை. தைராய்டு, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றின் புற்றுகள் பக்கத்திலிருந்து குடைந்து வருவது, குழாயிலேயே பிறக்கும் கட்டிகளைவிட அதிகம் காணப்படுவது.

அடைத்திருப்பது நோய் என்றே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாக்குத் துண்டாகவும் புளியங்கொட்டையாகவும் இருக்கலாம். குழந்தைகளுக்கு மட்டுமே இது நேரும் என்று எண்ணுவது தவறு. பக்கவாதம் வந்தவர்கள், போதையில் உறங்கியவர்கள், கட்டிய பல் கழன்றவர்கள் எல்லாருக்கும் நேரும். பெண்களின் மூக்குத்தித் திருகு கழன்று, பின்புறமாகச் சரிந்து கிளைக்குழலுக்குள் போன நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் வலது கிளைக்குழலே பெரும்பாலும் இதற்கு இரையாகும். உலோகம் எக்ஸ்-ரேயில் தெரிந்துவிடும். பாக்கு தெரியாது, அது ஊறிப் பருத்து, சுற்றிலும் சதை வளர்ந்து, புற்றுபோலவே தோற்றம் தரும். சாப்பிடும்போது புரையேறிய நாள் நோயாளிக்கு மறந்தே போயிருக்கும்.

ஆஸ்துமா உள்ளவர்களிடமே ஒளிந்திருக்கும் ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைக்கு ஒவ்வாமை ஏற்பட்டுக் கிளைக்குழல்கள் விரிந்து சளியால் அடைபடும் ஏ.பி.பி.ஏ. நோய் இந்தியாவில் கணிசமாக உண்டு. காசநோய் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்ட வரலாறும் இவர்களில் பலருக்கு உண்டு. சண்டிகர் பி.ஜி.ஐ.யில் ரித்தேஷ் அகர்வால் குழுவினர் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். கான்ட்ராஸ்ட் மருந்து போடாத சி.டி.யில் குழலுக்குள் இருக்கும் சளி, முதுகுத் தசையைவிட வெள்ளையாகத் தெரிந்தால் நோய் இதுதான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஒரு சளித் திரளின் நிறம் இவ்வளவு பேசும் இடம் மார்புப் படங்களில் அரிது. கான்ட்ராஸ்ட் போட்டுவிட்டால் இந்தத் துப்பைப் படிப்பது கடினமாகிவிடும்.

குழாய் அளவுக்கு மீறி விரிவதும் நோய்தான். மூச்சுக்குழாய் 3 செ.மீ.க்கு மேல் அகன்றால் அது 1932-இல் பிரெஞ்சு மருத்துவர் மூனியே-குன் விவரித்த நோயாக இருக்கலாம். கிளைக்குழல் விரிவைப் பக்கத்தில் ஓடும் ரத்தநாளத்தோடு ஒப்பிட்டு அறிகிறோம். குழல் நாளத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தால், வெளிப்புறம் போகப் போகக் குறுகாமல் இருந்தால், விரிவு.

இந்தத் துறையில் இன்னும் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. மூச்சை உள்ளே இழுத்து அடக்கும்போது எடுக்கும் படத்தில் மூச்சுக்குழாய் அழகாகத் திறந்திருக்கும். அதே குழாய் பலமாக மூச்சை விடும்போது சிலருக்குப் பிறைபோல் மடிந்து மூடிக்கொள்கிறது. குருத்தெலும்பு நைந்துபோனாலும், பின்சவ்வு தளர்ந்துபோனாலும் இது நேரும். ரிலாப்ஸிங் பாலிகாண்ட்ரைட்டிஸ் நோயாளிகள் பலருக்கு உள்மூச்சுப் படத்தில் எதுவும் தெரியாமல் வெளிமூச்சுப் படத்தில் மட்டுமே நோய் தெரிகிறது. ஆகவே இரண்டாவது படம் தேவை. அதுவும் மூச்சை விட்டு முடித்தபிறகு அல்ல, ஊதிக்கொண்டிருக்கும்போதே.

எவ்வளவு மடிந்தால் நோய்? பாதிக்கு மேல் என்பதே நெடுங்காலமாக வழங்கிய அளவுகோல். பாஸ்டனில் ஃபிலிப் பாய்செல் குழுவினர், சுவாச நோய் எதுவும் இல்லாத, புகைபிடிக்காத 51 பேரைப் பலமாக மூச்சுவிடச் சொல்லிப் படமெடுத்து, முடிவை 2009-இல் வெளியிட்டார்கள். சராசரியாக 54 சதவீதம் மடிந்தது. 78 சதவீதம் பேர் அந்தப் பழைய அளவுகோலின்படி நோயாளிகள் ஆகிவிட்டார்கள்! அதன்பின் 70 சதவீதம், 80 சதவீதம் என்று பலரும் பல எல்லைகளைச் சொல்கிறார்கள். எண்ணை மட்டும் வைத்து ஒருவருக்கு ஸ்டென்ட் போடுவதை நான் ஏற்கமாட்டேன். நோயாளியின் தொல்லையும், படத்தில் உள்ள மடிப்பும், பிராங்கோஸ்கோப்பியில் கண்ணால் காண்பதும் ஒத்துப்போக வேண்டும்.

கதிர்வீச்சைப் பற்றிய அச்சம் நியாயமானது. வழக்கமான மார்பு சி.டி. 5 முதல் 7 மில்லிசீவர்ட் வரை தருகிறது. இயற்கையிலிருந்து உலக மக்கள் ஆண்டுதோறும் பெறும் சராசரி 2.4. ஆனால் காற்றுக்கும் சுவருக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது என்பதால், வெளிமூச்சுப் படத்தை மிகக் குறைந்த கதிரிலேயே எடுக்கலாம்; படம் கொஞ்சம் மணல் கொட்டினதுபோல இருந்தாலும் குழாயின் வடிவம் தெளிவாகத் தெரியும். பெருந்தமனி இரட்டை வளைவாகக் குழாயைச் சுற்றி இறுக்கும் பிறவிக் குறையை எம்.ஆர்.ஐ. கதிரே இல்லாமல் காட்டும். கழுத்துப் பகுதிக்கு அல்ட்ராசவுண்ட் ஓரளவு உதவும், ஐ.சி.யூ. படுக்கையிலேயே பார்க்கலாம். பிராங்கோஸ்கோப்பின் நுனியில் பொருத்திய அல்ட்ராசவுண்ட், சுவருக்கு வெளியே உள்ள நிணநீர்க் கணுவிலிருந்து திசு எடுக்க வழிகாட்டுகிறது. கிளைக்குழல்களைத் தானே அடையாளம் கண்டு அளக்கும் கணினி நிரல்களும் வந்துவிட்டன. ஆனால் சட்டகத்துக்குள் விழாத குரல்நாண் பகுதியை எந்த நிரலும் அளந்து தராது.

பிராங்கோஸ்கோப்பிக்கு முன்பே சி.டி. எடுத்துவிடுவது நல்லது என்பதற்கு நம் பக்கத்து உதாரணம் ஒன்று. குளத்தில் குளிப்பவர்களுக்கு மூக்கில் சதையாக வளரும் ரைனோஸ்போரிடியோசிஸ் தென் தமிழகத்திலும் இலங்கையிலும் நன்கு அறியப்பட்டது. மிக அரிதாக அது மூச்சுக்குழாய்க்குள்ளும் இறங்குகிறது. அந்தச் சதை தொட்டாலே ரத்தம் பெருகும். குறுகிய குழாய்க்குள் ரத்தம் இறங்கினால் நிலைமை கைமீறும். மூக்கில் அறுவை செய்துகொண்ட வரலாறும் படத்தில் ஒளிரும் கட்டியும் சேர்ந்தால், திசு எடுக்கப் போகிறவர் தயாராகப் போவார்.

எனவே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் மருத்துவர் படிவத்தில் நான்கு செய்திகளைச் சேர்க்க வேண்டும்: வென்டிலேட்டரில் இருந்தாரா, காசநோய் வந்ததா, எந்த அடுப்பு, புரையேறிய நினைவு உண்டா. அதன்கீழே, குரல்நாண்களிலிருந்து தொடங்கி மெல்லிய துண்டுகளாக, உள்மூச்சிலும் பலமான வெளிமூச்சிலும் எடுக்கவும் என்று ஒரு வரி. ஸ்கேன் அறை டெக்னீஷியன் நோயாளிக்கு எப்படி ஊத வேண்டும் என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்து ஒத்திகை பார்க்க வேண்டும். கூடுதலாகப் பிடிப்பது சில நிமிடங்களே.